ஓடு மாற்ற ஒரு ஓட்டு

2024 நவம்பர் 5 அன்று ஹூஸ்டன் மக்கள் வாக்குச்சாவடிக்குப் போனது அமெரிக்க அதிபரைத் தேர்ந்தெடுக்க. அதே வாக்குச்சீட்டில், கண் சோர்ந்துபோகும் அளவுக்கு நீண்ட பட்டியலின் அடியில், ஊர்ப் பள்ளிகளைப் பற்றி ஒரு கேள்வியும் இருந்தது. பள்ளிக் கட்டடங்களைச் சீர்செய்ய 440 கோடி டாலர் கடன் வாங்கலாமா? அதில் 396 கோடி கட்டடங்களுக்கு: பழைய ஏசி இயந்திரங்களை மாற்ற, குடிநீரில் கலக்கும் ஈயத்தை நீக்க, தேறாத கட்டடங்களை இடித்துக் கட்ட. மீதி 44 கோடி கணினி முதலிய தொழில்நுட்பத்துக்கு. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டார்கள். இரண்டுக்கும் நூற்றுக்கு ஏறக்குறைய 58 பேர் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார்கள்.

ஹூஸ்டன் வெயில் சென்னை வெயிலுக்குச் சளைத்ததல்ல. அந்த ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏசி வேண்டாம் என்று யார்தான் சொல்வார்கள்? வேண்டாம் என்றவர்களிடம் கேட்டிருந்தால் அவர்களும் ஏசி வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவர்கள் பதில் சொன்னது வேறொரு கேள்விக்கு. அமெரிக்காவில் பள்ளிக் கட்டட நிதிக்கான வாக்கெடுப்புகள் ஊரை ஏன் இரண்டாக்குகின்றன என்பது புரிய, சீட்டில் அச்சான கேள்விக்கும் மக்கள் மனதில் ஓடும் கேள்விக்கும் உள்ள இந்த இடைவெளியைப் பார்க்க வேண்டும்.

முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். அங்கே பெரும்பாலான இடங்களில் பள்ளி மாவட்டம் என்பது தனி அரசாங்கம் மாதிரி. நகராட்சியோடு சேராமல், தனக்கென எல்லை, தேர்ந்தெடுக்கப்பட்ட குழு, வரி போடும் அதிகாரம் எல்லாம் வைத்திருக்கும். ஆசிரியர் சம்பளம் போன்ற அன்றாடச் செலவுக்கு மாநிலம் கணிசமாகக் கொடுக்கிறது, மத்திய அரசும் கொஞ்சம் தருகிறது. கூரை, சுவர், குழாய் என்று வந்தால் பெரும்பாலும் 'உங்கள் ஊர், உங்கள் பாடு' என்று விட்டுவிடுவார்கள். பள்ளி மாவட்டம் கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டும். அங்குள்ள தமிழர்கள் இதைப் பாண்டு என்றே சொல்கிறார்கள். இருபது, முப்பது ஆண்டுகளுக்கு அதை அடைப்பது ஊர்க்காரர்களின் சொத்து வரி. அதனால்தான் முன்கூட்டியே ஊரைக் கேட்டு அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது.

வருமான வரியை உயர்த்தும்போது யாரும் வந்து கேட்பதில்லை. ராணுவச் செலவுக்கு வாக்கெடுப்பு கிடையாது. ஆண்டு முழுக்க எல்லா வரிகள் மீதும் சேர்ந்த எரிச்சலைக் காட்ட ஒரு சாதாரண மனிதருக்கு நேரடியாகக் கிடைக்கும் அரிய வாய்ப்புகளில் ஒன்று, பள்ளிக்கூடம் கூரை மாற்றப் பணம் கேட்டு வரும் நாள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பது போலத்தான்.

ஹூஸ்டனில் இதற்கு மேல் ஒரு காயமும் இருந்தது. 2023 ஜூனில் டெக்சஸ் மாநிலக் கல்வித் துறை ஹூஸ்டன் பள்ளி மாவட்டத்தையே கையில் எடுத்துக்கொண்டது. வீட்லி உயர்நிலைப் பள்ளி தொடர்ந்து குறைந்த தரம் பெற்றது காரணமாகக் காட்டப்பட்டது. மக்கள் தேர்ந்தெடுத்த குழு ஒதுக்கப்பட்டு, நியமிக்கப்பட்ட ஒன்பது பேர் குழு வந்தது. டாலஸ் பள்ளிகளை முன்பு நடத்திய மைக் மைல்ஸ் கண்காணிப்பாளராக, அதாவது பள்ளி மாவட்டத்தின் தலைமை நிர்வாகியாக வந்தார். அவருடைய புதிய திட்டத்தில் சேர்ந்த பள்ளிகள் பலவற்றில் நூலகர்கள் இல்லாமல் போனார்கள். நூலக அறைகள், வகுப்பில் தொந்தரவு செய்யும் பிள்ளைகளை அனுப்பி உட்காரவைக்கும் இடங்களாயின. பெற்றோரும் ஆசிரியர்களும் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் 440 கோடிக்குக் கை நீட்டப்பட்டது.

'நம்பிக்கை இல்லை, பாண்டும் இல்லை' என்பது எதிர்ப்பாளர்களின் முழக்கம். வழக்கமாகப் பள்ளிக்காக வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கும் ஆசிரியர் சங்கம் இந்த முறை எதிர்த்தது. எந்த வரியையும் எப்போதும் எதிர்ப்பவர்கள் வழக்கம்போல் எதிர்த்தார்கள். பொதுவாக ஒரே மேடையில் நிற்காத இரண்டு கூட்டம் ஒரே கட்டத்தில் பேனாவை வைத்தது. மறுபக்கம் நின்றவர்களின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது: மைல்ஸ் இன்றிருப்பார், நாளை போவார், ஈயக் குழாய் அங்கேயேதான் இருக்கும். 2012இல் இதே ஊர் 189 கோடி டாலர் பாண்டுக்குப் பெரும் ஆதரவோடு சரி என்று சொல்லியிருந்தது. ஆகவே ஹூஸ்டன் பள்ளிக்குப் பணம் தராத ஊர் என்று சொல்லிவிட முடியாது. மாறியது ஊரின் மனமா, கேட்டவரின் முகமா என்றால் இரண்டாவது என்றுதான் நினைக்கிறேன்.

இதில் ஒரு சின்ன விசித்திரம். வரி விகிதம் உயராது என்று பள்ளி நிர்வாகம் சொன்னது. வாக்குச்சீட்டிலோ 'இது ஒரு சொத்து வரி உயர்வு' என்று பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. பொய் சொன்னது யார்? யாரும் இல்லை. 2019இல் டெக்சஸ் சட்டமன்றம் கொண்டுவந்த சட்டப்படி, பள்ளி பாண்டு எதுவானாலும் சீட்டில் அந்த வாசகம் இருந்தே ஆக வேண்டும். பழைய கடன் அடைந்துகொண்டே வருவதால், புதுக் கடன் வாங்கினாலும் விகிதம் அப்படியே இருக்கலாம் என்பது நிர்வாகத்தின் கணக்கு. புதுக் கடன் இல்லாவிட்டால் விகிதம் குறைந்திருக்குமே என்பது எதிர்ப்பாளர்களின் கணக்கு. இரண்டு கணக்கும் சரி. இரண்டும் சரியாக இருக்கும்போது வரும் சண்டை லேசில் ஓயாது, ஏனென்றால் எதிராளி பொய்யன் என்று இரு தரப்பும் மனதார நம்பிவிடும்.

டெக்சஸில் பாதிக்கு மேல் ஆதரவு கிடைத்தாலே போதும். ஐடஹோ மாநிலத்தில் அது போதாது. அந்த மாநில அரசியல் சாசனப்படி பள்ளி பாண்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பேர் ஓட்டுப் போட்ட ஊரில் 660 பேர் வேண்டும் என்கிறார்கள், 340 பேர் வேண்டாம் என்கிறார்கள். தோல்வி. வேண்டாம் என்ற ஒருவரின் ஓட்டு, வேண்டும் என்ற இருவரின் ஓட்டுக்குச் சமம். கடன் சுமை பேரப்பிள்ளைகள் வரை போகும், அதனால் பலமான சம்மதம் வேண்டும் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். அதில் அர்த்தமில்லாமல் இல்லை. ஆனால் சிறுபான்மையாகத் தோற்றால், ஊர் விரும்பவில்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். பெரும்பான்மையாக இருந்தும் தோற்றவர்களுக்கு ஆறுதல் ஏது? தடுத்தவர்கள் யார் என்று ஆள் தேடத் தோன்றும். சின்ன ஊரில் ஆள் தேடுவது கஷ்டமே இல்லை.

ஐடஹோவின் சாமன் என்ற மலையூரில் இது சுமார் இருபது ஆண்டு நடந்தது. அங்குள்ள தொடக்கப் பள்ளிக் கட்டடத்தின் நிலை ஊருக்கே தெரியும். புதுப் பள்ளி கட்ட வாக்கெடுப்பு, தோல்வி. திட்டத்தைக் குறைத்து மறுபடி வாக்கெடுப்பு, மறுபடி தோல்வி என்று ஏறத்தாழ ஒரு டஜன் முறை. இதற்கு நடுவே 2005இல் ஐடஹோ உச்ச நீதிமன்றம், கட்டடங்களுக்கு உள்ளூர் சொத்து வரியையே நம்பியிருக்கும் இந்த ஏற்பாடு மாநில அரசியல் சாசனத்துக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. சொன்னதோடு சரி. சரிசெய்ய வேண்டியது சட்டமன்றத்தின் வேலை என்று விட்டதால், ஊர்கள் மறுபடி வாக்குப்பெட்டிக்கே திரும்பின.

கலிஃபோர்னியாவிலும் மூன்றில் இரண்டு பங்கு விதிதான் நெடுநாள் இருந்தது. 2000 மார்ச்சில் அதைச் சாதாரணப் பெரும்பான்மையாகக் குறைக்கலாமா என்று கேட்டபோது மாநில மக்கள் மறுத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் 39ஆம் முன்மொழிவு என்ற பெயரில் ஒரு சமரசம் வந்தது. 55 விழுக்காடு போதும், ஆனால் எந்தெந்த வேலைக்குச் செலவு என்று முன்பே பட்டியல் தர வேண்டும், ஆண்டுதோறும் தணிக்கை நடக்க வேண்டும், ஊர்க்காரர்கள் அடங்கிய மேற்பார்வைக் குழு வேண்டும். அது நிறைவேறியது. இனி 55 வேண்டும் என்று சொன்ன அந்த முன்மொழிவுக்குக் கிடைத்த ஆதரவு சுமார் 53 விழுக்காடுதான். வேடிக்கையாக இருந்தாலும், அந்த நிபந்தனைகளில் சரக்கு இருந்தது என்பேன். வரித் தொகையை விட, பணம் எங்கே போகும் என்ற சந்தேகமே பல வீடுகளில் ஓட்டைத் தீர்மானிக்கிறது.

அந்தச் சந்தேகத்துக்குத் தீனி போட்ட ஊர்களும் உண்டு. டெக்சஸின் ஆலன் நகரம் 2009இல் பள்ளி பாண்டு ஒன்றை நிறைவேற்றியது. அதில் சுமார் 6 கோடி டாலர் ஓர் உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அரங்குக்கு. 18,000 பேர் உட்காரலாம். 2012இல் திறந்தார்கள். 2014இல் கான்கிரீட்டில் விரிசல் கண்டு மூடி, சரிசெய்து, பிறகு திறந்தார்கள். ஆலன்காரர்கள் கால்பந்துக்காக உயிரை விடுபவர்கள், அவர்களே ஓட்டுப் போட்டு எடுத்த முடிவு, அதில் நாம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த ஊரில் கழிவறைக் குழாய்க்காக யாராவது பணம் கேட்டுப் போகும்போது 'உங்களுக்கும் ஸ்டேடியம் கட்டணுமா?' என்ற கேள்வி வராமல் இருக்காது.

2024இல் பார்பரா பியாசி உள்ளிட்ட பொருளியலாளர்கள் பல மாநிலங்களின் பள்ளி பாண்டுகளை அலசி எழுதிய ஆய்வு இந்த இடத்தில் பொருந்துகிறது. ஏசி, கூரை, நச்சுப்பொருள் அகற்றல் போன்றவற்றுக்குச் செலவழித்த இடங்களில் பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண் உயர்ந்தது, வீட்டு விலை அசையவில்லை. விளையாட்டரங்குக்குச் செலவழித்த இடங்களில் வீட்டு விலை ஏறியது, மதிப்பெண் அசையவில்லை. அதாவது பிள்ளைக்கு நல்லது செய்வது வெளியே தெரிவதில்லை. வெளியே தெரிவது பிள்ளைக்குப் பெரிதாக எதுவும் செய்வதில்லை. ஓட்டுக் கேட்கப் போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய சங்கடம் கிடையாது.

சரி, பள்ளியில் பிள்ளையே இல்லாத வீடுகள்? அரிசோனாவில் சன் சிட்டி என்று ஓய்வுபெற்றோருக்காகவே 1960இல் திறக்கப்பட்ட குடியிருப்பு உண்டு. வெயில், கோல்ஃப், நிம்மதி என்று விளம்பரம் பார்த்து நாடெங்கிலுமிருந்து முதியவர்கள் வந்து வீடு வாங்கினார்கள். அந்த இடம் பியோரியா பள்ளி மாவட்டத்துக்குள் இருந்தது. பக்கத்தில் பிள்ளைகள் பெருகிக்கொண்டிருந்த பகுதிகளுக்குப் பள்ளி கட்டக் கேட்ட பாண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. முதியவர்கள் தரப்பில் பார்த்தால், தங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கு வேறு ஊரில் வரி கட்டி முடித்துவிட்டார்கள். இப்போது ஓய்வூதியத்தில் வாழ்கிறார்கள். இளம் பெற்றோர் தரப்பில் பார்த்தால், கோல்ஃப் மைதானத்துக்காரர்கள் பிள்ளைகளின் வகுப்பறையைத் தட்டிப் பறிக்கிறார்கள். கடைசியில் 1970களின் நடுவில் சன் சிட்டியைப் பள்ளி மாவட்டத்தின் வரைபடத்திலிருந்தே வெட்டி விட்டார்கள். கூட்டுக் குடும்பத்தில் சண்டை முற்றிப் பாகம் பிரித்துக்கொள்வது போல.

முதியவர்கள் விகிதம் கூடும் இடங்களில் ஒரு பிள்ளைக்கான பள்ளிச் செலவு குறைகிறது என்று பொருளியலாளர் ஜேம்ஸ் போட்டர்பா 1997இல் காட்டினார். முதியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் வெவ்வேறு இனத்தவராக இருக்கும் இடங்களில் அந்தக் குறைவு இன்னும் கூடுதல். வரி பற்றிய வாக்குவாதத்துக்கு அடியில் 'அவை யாருடைய பிள்ளைகள்?' என்ற கேள்வி கிடக்கிறது. யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. டெக்சஸில் 65 வயதுக்கு மேற்பட்டோர் குடியிருக்கும் வீட்டுக்குப் பள்ளி வரி ஓர் அளவுக்கு மேல் ஏறாமல் நிறுத்திவைக்கப்படுகிறது. அப்படியும் பயம் போவதில்லை.

இந்த வழக்கில் நம்மவர்களும் ஒரு தரப்பு. வேலை விசாவில் போய், நல்ல பள்ளி இருக்கும் ஊராகத் தேடி வீடு வாங்கிய தமிழர்கள் சொத்து வரி கட்டுகிறார்கள், பிள்ளைகளையும் அந்தப் பள்ளிக்கே அனுப்புகிறார்கள். ஆனால் குடியுரிமை இல்லாததால் பாண்டுக்கு ஓட்டுப் போட முடியாது. கிரீன் கார்டுக்கு இந்தியர்கள் காத்திருக்கும் காலம் தெரிந்ததுதான். அதற்குள் பிள்ளை பள்ளியை முடித்தே போய்விடலாம். பணம் உண்டு, பிள்ளை உண்டு, பேச்சு இல்லை. பிள்ளை இல்லாத, ஆனால் ஓட்டு உள்ள பக்கத்து வீட்டுக்காரரோடு இவர்களுக்கு வெளிப்படையான சண்டை வருவதில்லை. கணக்கில் வராத பிளவு இது.

பணக்கார ஊர், ஏழை ஊர் என்ற பழைய பிளவும் உண்டு. 1968 மே மாதம் சான் அன்டோனியோவில் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், உடைந்த சன்னல்களும் பாழான கட்டடமும் தாங்காமல் வகுப்பை விட்டு வெளியே நடந்தார்கள். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். எட்ஜ்வுட் மக்கள் தங்கள் சொத்து மதிப்பில் 100 டாலருக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். அதே நகரின் செழிப்பான ஆலமோ ஹைட்ஸ் மக்கள் 0.85 டாலர்தான் கட்டினார்கள். ஆனால் மாநில ஏற்பாட்டுக்கு மேல் எட்ஜ்வுட்டில் ஒரு மாணவருக்குக் கிடைத்த உள்ளூர்ப் பணம் 26 டாலர், ஆலமோ ஹைட்ஸில் 333 டாலர். நிலத்தின் விலை அப்படி. 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் இதில் தலையிட மறுத்தது. அந்த ஓர் ஓட்டு வேறு பக்கம் விழுந்திருந்தால் இவ்வளவு ஊர்ச் சண்டைகள் நடந்திருக்காது என்று தோன்றுகிறது.

எத்தனை பேர் வேண்டாம் என்றார்கள் என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்பதும் அதே அளவு முக்கியம். நியூ ஹாம்ப்ஷயரின் குரொய்டன் சுமார் 800 பேர் வாழும் ஊர். அங்கே கேள்வி கட்டடம் அல்ல, பள்ளியின் மொத்த வரவுசெலவு. ஆனால் பிளவு எப்படி உருவாகிறது என்பதை இவ்வளவு சுத்தமாகக் காட்டும் வேறு ஊர் எனக்குத் தெரியாது. 2022 மார்ச் மாதம் ஆண்டு ஊர்க்கூட்டம் நடந்தது. பள்ளிக்கு 17 லட்சம் டாலர் என்ற திட்டம் மேசையில் இருந்தது. ஊர் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் எழுந்து 8 லட்சமாகக் குறைக்கலாம் என்றார். அரசின் அளவைச் சுருக்க வேண்டும் என்ற கொள்கையோடு அந்த மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து வரும் சுதந்திர மாநில இயக்கத்தைச் சேர்ந்தவர் அவர். 20 பேர் ஆதரவு, 14 பேர் எதிர்ப்பு. 34 பேர் கையில் ஊரின் பள்ளிக்கூடம் பாதியானது. வழக்கமான கூட்டம்தானே என்று வீட்டில் இருந்தவர்கள் மறுநாள் விழித்தார்கள்.

மாற்ற வேண்டுமானால் சிறப்புக் கூட்டம் கூட்டி, பதிவான வாக்காளர்களில் பாதிப் பேராவது, அதாவது 283 பேர், நேரில் வர வேண்டும். மே 7 அன்று 379 பேர் வந்தார்கள். முடிவு: 377க்கு 2. பழைய பணம் திரும்பியது. ஊர் ஒன்றுபட்ட கதையாக இதைப் பலரும் கொண்டாடினார்கள். எனக்கு அவ்வளவு எளிதாகத் தெரியவில்லை. அந்த விதியின்படி, வெட்டு நீடிக்க வேண்டும் என்று நினைப்பவர் செய்ய வேண்டியது வீட்டில் இருப்பதுதான். வந்து எதிர்த்து ஓட்டுப் போட்டால் தன் தலையையும் எண்ணிக்கையில் சேர்த்துக் கொடுத்த மாதிரி. அதனால் அந்த 2 என்பது எதிர்ப்பின் அளவல்ல. எதிர்ப்பு அன்று மண்டபத்துக்கே வரவில்லை. கூட்டத்துக்கு வந்தவர் யார், வராதவர் யார் என்பது அன்றைக்கு ஊருக்கே வெட்டவெளிச்சம். ரகசிய வாக்கெடுப்பு இருந்தும் ரகசியம் இல்லை.

ஓட்டுத் தோற்றால் ஊருக்குள் வடு, மாநிலத்துக்கு என்ன என்று கேட்கலாம். மிச்சிகனின் கல்கஸ்கா ஊரில் 1993இல் பள்ளி வரியை மக்கள் மறுத்ததால், மார்ச் மாதமே பள்ளிகளை மூடி ஆண்டை முடித்துவிட்டார்கள். அந்தச் செய்தி நாடெங்கும் போய் மாநிலத்துக்குத் தலைகுனிவானது. அடுத்த ஆண்டு மார்ச்சில் மிச்சிகன் மக்கள் விற்பனை வரியை 4இலிருந்து 6 விழுக்காடாக உயர்த்தி, பள்ளிகளின் அன்றாடச் செலவைப் பெருமளவு மாநிலத்தின் தோளுக்கு மாற்றினார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் கட்டடங்களை மட்டும் அப்போதும் ஊரின் ஓட்டுக்கே விட்டுவைத்தார்கள். மிச்சிகனில் இன்றும் கூரைக்குத் தேர்தல் உண்டு.

ஐடஹோவில் 2024ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பத்தாண்டுகளில் சுமார் 150 கோடி டாலரைப் பள்ளிக் கட்டடங்களுக்கு மாநிலத்திலிருந்து தர வழிசெய்தது. கூடவே, ஆகஸ்டில் பாண்டு வாக்கெடுப்பு நடத்தும் தேதியையும் அதே சட்டம் எடுத்துவிட்டது. ஆள் குறைவாக வரும் நாளாகப் பார்த்துப் பள்ளிகள் ஓட்டு வைக்கின்றன என்ற பழைய குறைக்கு அது பதில். மூன்றில் இரண்டு விதி அப்படியே இருக்கிறது. அந்த ஆண்டு மே மாதம் சாமனில் மறுபடி வாக்கெடுப்பு வந்தது, 2 கோடி டாலருக்கு. இந்த முறை தேறியது. முதன்முதலில் வேண்டாம் என்று ஊர் சொன்னபோது அந்தப் பழைய கட்டடத்தில் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு, இந்த ஓட்டைப் போட வயது எப்போதோ வந்திருக்கும்.